ஜாரின் 1981 சீனக் கச்சேரி ஆல்பம்: மின்னணு இசையில் 'லைவ்' என்று எதைச் சொல்வது?

வடசேரிக்காரன்:
ழான் மிஷேல் ஜாரின் 'தி கான்சர்ட்ஸ் இன் சைனா' இரட்டை ஆல்பத்தைத்தான் இந்த வாரம் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது, வீட்டை விட்டு இறங்க வழியில்லை. நல்ல சாக்கு.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பிரான்சின் லியோன் நகரத்தில் 1948-இல் பிறந்தவர். அப்பா மோரிஸ் ஜார், ஹாலிவுட்டில் மூன்று ஆஸ்கர் வாங்கிய இசையமைப்பாளர். மகன் வேறு பாதை. ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, ரயில் சத்தத்தை இசையாக்கிய பியேர் ஷெஃபரின் கூடத்தில் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டிலேயே 8 டிராக் ரெக்கார்டரை வைத்து 1976-இல் 'ஆக்ஸிஜென்' செய்தார். பாட்டு கிடையாது, பாடகர் கிடையாது. ஆனாலும் உலகம் முழுக்க விற்றது. அடுத்து 1978-இல் 'ஈக்வினாக்ஸ்', 1981-இல் 'மேக்னெட்டிக் ஃபீல்ட்ஸ்'. அதே 1981 அக்டோபரில் சீனாவுக்குப் போய் பெய்ஜிங்கில் இரண்டு, ஷாங்காயில் மூன்று கச்சேரிகள் செய்தார். அந்தப் பதிவுகள்தான் 1982-இல் வந்த இந்த ஆல்பம்.

எனக்குப் பிடித்தது 'ஆர்ப்பெஜியேட்டர்'. சின்னச் சின்ன சுரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் மேல் மெதுவாக ஒரு மேகம் ஏறும். ஸ்டுடியோ ஆல்பங்களில் ஜார் இவ்வளவு பொறுமையாக ஒரே இடத்தில் நின்றதில்லை. 'மேக்னெட்டிக் ஃபீல்ட்ஸ்' பகுதிகளும் இங்கே கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கின்றன. ரோஜர் ரிஸ்ஸிட்டெல்லி என்ற ஆள் டிரம்ஸை உண்மையாகவே அடிக்கிறார், அதனால் இருக்கலாம்.

கேள்வி இதுதான்: மின்னணு இசையில் கச்சேரி ஆல்பம் என்று ஒன்று தேவையா? உங்கள் காதுக்கு அதில் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது?

தக்கலை 78:
தேவையில்லை என்பது என் கட்சி.

ஒரு நாகஸ்வரக்காரர் ஒரே ராகத்தை இன்றைக்கு ஒரு மாதிரி வாசிப்பார், நாளைக்கு வேறு மாதிரி. மூச்சு வேறு, மனசு வேறு, எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் வேறு. அதைப் பதிவு செய்தால் அர்த்தம் உண்டு. சீக்வென்சர் என்பது சொன்னதைத் திரும்பச் சொல்கிற பெட்டி. பெய்ஜிங்கில் ஓட்டினாலும் பாரிசில் ஓட்டினாலும் அதே எட்டு சுரம். அதன் மேல் கைதட்டலை ஒட்டினால் அது கச்சேரி ஆகிவிடுமா?

ஜாரை எனக்கும் பிடிக்கும் தம்பி. 'ஆக்ஸிஜென்' நான்காம் பகுதியை வேலையில் இருந்த காலத்தில் துபாயில் இருந்து வந்த கேசட்டில் தேயத் தேயக் கேட்டவன் நான். ஆனால் அவருடைய மேடை என்பது லேசர், வாணவேடிக்கை, கட்டடத்தின் மேல் படம் காட்டுவது. கண்ணுக்கான சமாச்சாரம். அதை எடுத்துவிட்டு வெறும் ஒலியை விற்றால், சாமி இல்லாத சப்பரம்தான்.

மார்த்தாண்டம் மைக்செட்:
சாரே, சப்பரம் தூக்குகிறவனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். மைக் செட் போடுவதுதான் எனக்குத் தொழில். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கட்சிக் கூட்டம், எல்லாம் உண்டு.

'சொன்னதைத் திரும்பச் சொல்கிற பெட்டி' என்பது இன்றைய லேப்டாப்புக்குச் சரி. 1981-க்குச் சரியில்லை. எல்லா மின்னணு வாத்தியங்களையும் ஒரே வயரில் பேச வைக்கிற 'மிடி' வந்ததே 1983-இல். அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனி பெட்டிக்கும் ஒவ்வொரு ஏற்பாடு. ஒன்றின் துடிப்பை இன்னொன்றுக்கு அனுப்பி, இரண்டும் ஒரே தாளத்தில் நிற்கிறதா என்று மனுஷன் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். மேடையில் ஜாரோடு ஃபிரெடெரிக் ரூஸோ, டொமினிக் பெரியே என்று இன்னும் இரண்டு சிந்தசைசர்க்காரர்கள், அதாவது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கீபோர்டு வாசிப்பவர்கள், இருந்தார்கள். சும்மா அழகுக்கா நிறுத்தினார்கள்?

இன்னொன்று, சுருதி. அந்தக் காலத்து அனலாக் சிந்தசைசரில் சுரத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். உள்ளே சூடு ஏறினால் சுருதி நகரும். மேடை விளக்கு, கூட்டத்தின் புழுக்கம், எல்லாமே அதைத் தொந்தரவு செய்யும். தவில், உடுக்கை வாசிக்கிறவர்கள் ஈரக்காற்றில் தோல் தளர்கிறது என்று புலம்புவார்கள் இல்லையா, இதற்கும் அந்த வியாதி உண்டு. சீக்வென்சர் அதே எட்டு சுரத்தைத்தான் ஓட்டும். ஆனால் ஃபில்டர் திருகைப் பிடித்திருக்கிற கை அந்த எட்டு சுரத்தை மந்தமாகவும் கூர்மையாகவும் மாற்றிக்கொண்டே இருக்கும். 'ஆர்ப்பெஜியேட்டர்' முழுக்க அந்தத் திருகல்தான். அது வாசிப்பு இல்லை என்றால் எது வாசிப்பு?

ஆனால் தக்கலை அண்ணன் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாகஸ்வரத்தை மைக் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மைக்கில் வாத்தியத்தோடு சேர்ந்து மண்டபமும் வந்துவிடும், தூண், கூரை, குழந்தை அழுகிற சத்தம் எல்லாம். சிந்தசைசரின் ஒலி அப்படி இல்லை. அது வயர் வழியாக நேராக மிக்சருக்கு வருகிறது. அந்த ஒலியில் மண்டபத்தின் காற்று ஒரு துளிகூடக் கிடையாது. ஜனத்தின் சத்தம் வேண்டுமென்றால் அதற்கென்று தனி மைக்கைக் கூட்டத்தைப் பார்த்துக் கட்ட வேண்டும். பிறகு மிக்ஸ் செய்கிற ஆள் அதை எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்வார். அதாவது மின்னணுக் கச்சேரி ஆல்பத்தில் 'இடம்' என்பது தானாக விழுவதில்லை, யாரோ ஒருவர் கூட்டியோ குறைத்தோ வைப்பதாக்கும்.

தக்கலை 78:
அப்படியென்றால் கைதட்டலை ஒட்டினார்கள் என்று நான் சொன்னதைத்தான் நீரும் சொல்கிறீர், கொஞ்சம் மரியாதையாக.

மார்த்தாண்டம் மைக்செட்:
ஒட்டுவது வேறு, கலப்பது வேறு அண்ணே. ஒட்டுவது என்றால் வேறு ஊர்க் கைதட்டலைக் கொண்டுவந்து போடுவது.

நாஞ்சில் கேட்பவள்:
நீங்கள் இருவரும் மேடையையே பார்க்கிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆல்பத்தில் எனக்கு முக்கியமானவர்கள் அவர்கள்தான்.

மாவோ இறந்தது 1976 செப்டம்பரில். 'ஆக்ஸிஜென்' வந்தது அதே ஆண்டின் கடைசியில். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகள் கலாச்சாரப் புரட்சி. மேலை நாட்டு இசை என்றாலே குற்றம் என்றிருந்த காலம். பிறகு கதவு கொஞ்சம் திறந்தபோது, பெய்ஜிங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகம் ஜாரின் இசைத்தட்டுகளைப் பெய்ஜிங் வானொலிக்குக் கொடுத்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சீன வானொலியில் ஒலித்த முதல் அந்நிய பாப் இசை அது என்கிறார்கள். அப்புறம்தான் அழைப்பு, 1981 பயணம். மாவோவுக்குப் பிந்தைய சீனாவில் மேடை ஏறிய முதல் மேலை நாட்டு பாப் கலைஞர் அவர்.

நடந்த விதமும் சுவாரசியம். பெய்ஜிங்கில் இவர்களுடைய கருவிகள் இழுக்கிற மின்சாரத்துக்கு ஊர் லைன் தாங்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் சில பகுதிகளுக்குக் கரண்டை நிறுத்தித்தான் கச்சேரியை நடத்தினார்கள். முதல் நாள் அரங்கம் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. ஆனால் இரவு பத்து மணி வாக்கில் பஸ்கள் நின்றுவிடும் என்பதால் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள். இலவசமாக நடத்த ஜார் விரும்பியும் அதிகாரிகள் டிக்கெட் வைத்துவிட்டார்கள். மறுநாள் இவர்களே டிக்கெட்டை விலைக்கு வாங்கித் தெருவில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு ஆல்பத்தைக் கேளுங்கள். ராக் கச்சேரி ஆல்பங்களில் முதல் சுரம் வந்த உடனே 'ஓ' என்று ஒரு கூச்சல் எழும். இது நமக்குத் தெரிந்த பாட்டு என்று அர்த்தம். இங்கே அது இல்லை. வானொலியில் கொஞ்சம் ஒலித்ததைத் தவிர, தெரிந்த பாட்டு என்று அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 'ஈக்வினாக்ஸ்' நான்காம் பகுதி தொடங்கும்போது பாரிஸ்காரனுக்கு வரும் உற்சாகம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? முடிந்த பிறகுதான் தட்டுகிறார்கள். இந்தக் கைதட்டலை எந்த மிக்சராலும் உண்டாக்க முடியாது. நான் இந்த ஆல்பத்தை வைத்திருப்பது இதற்காகத்தான்.

வடசேரிக்காரன்:
அக்கா, பஸ் போய்விடும் என்று பாதியில் எழுந்து போன கதை நம்ம ஊரில் நடந்தது மாதிரியே இருக்கிறது.

குளச்சல் கரை:
கொள்ளாம், நல்ல இழை. எனக்கு இந்த ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டுதான் கணக்கு: 'ஃபிஷிங் ஜங்க்ஸ் அட் சன்செட்'. சாயங்காலம் கரை திரும்பும் மீன்பிடிப் படகுகள். மெட்டு சீனர்களின் பழைய மெட்டு, ஜாருடையது இல்லை. பெய்ஜிங் இசைக் கல்லூரியின் வாத்தியக் குழு வாசிக்க, இவர் சிந்தசைசரோடு கூடவே போகிறார். முன்னால் ஓடவில்லை, அதுவே பெரிய விஷயம்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒருநாள் இதைப் போட்டுக் காட்டினேன். வள்ளத்தில் போனவர், இப்போது கரையில் இருக்கிறார். முழுசாகக் கேட்டார். 'எஞ்சின் சத்தமே இல்லையே பிள்ளே, பாய் கட்டிப் போன காலத்துப் பாட்டா?' என்றார். அவர் கேட்டதில் ஞாயம் உண்டு. எங்கள் கரையில் வள்ளம் திரும்பும் நேரத்தைப் பதிவு செய்தால் முதலில் கேட்பது அவுட்போர்டு எஞ்சின், அடுத்தது ஏலக்காரரின் குரல், அதற்குப் பிறகு காக்கா. கம்பி வாத்தியம் எல்லாம் கேட்காது. ஆனாலும் அந்த மெட்டில் கடைசியில் வேகம் கூடும் பாருங்கள், கரை கண்ணுக்குத் தெரிந்தவுடன் எல்லோருக்கும் வருகிற அவசரம், அது சரியாக இருக்கிறது என்றும் அவரே சொன்னார்.

தக்கலை அண்ணே, இந்த ஒரு பாட்டுக்காவது மதிப்பெண் போடுங்கள். நிறையப் பேர், நிஜ வாத்தியம்.

தக்கலை 78:
போட்டாச்சு. முழு மதிப்பெண். மெஷின்காரர் மெஷினை அடக்கி வாசித்த இடம் அது ஒன்றுதான்.

கோட்டாறு தம்பி:
நான் புதுசு. காலேஜ் படிக்கிறேன். லேசர் ஹார்ப் என்று ஒன்றை யூடியூபில் பார்த்துத்தான் இங்கே வந்தேன். ஒளியைத் தொட்டால் எப்படிச் சத்தம் வருகிறது? அந்த உறுமல் சத்தம் செமையாக இருக்கிறது. இந்த ஆல்பத்திலும் அதே சத்தம்தானே?

மார்த்தாண்டம் மைக்செட்:
வா மக்கா. ஒளி சத்தம் போடாது. விசிறி மாதிரி மேலே போகிற லேசர் கதிர்களில் ஒன்றைக் கை மறித்தால் ஒரு சென்சார் கண்டுபிடிக்கும், எந்தக் கதிர் என்று பார்த்து சிந்தசைசருக்குச் சைகை அனுப்பும், சுரம் அங்கிருந்து வரும். அவர் கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் போடுவது ஸ்டைலுக்கு மட்டும் என்று நினைக்காதே, அந்த லேசருக்கு அது வேண்டும். யோசனை பெர்னார் ஸ்ஜைனர் என்ற பிரெஞ்சுக் கலைஞருடையது. ஜார் அதை மேடைக்குக் கொண்டுவந்தது இந்தச் சீனக் கச்சேரிகளில்தான். ஆல்பத்தில் அதன் பெயரிலேயே ஒரு பாட்டு இருக்கிறது.

ஆனால் நீ சொல்கிற அந்த உறுமல் வேறு. அது எல்கா சிந்தெக்ஸ் என்ற இத்தாலியக் கருவியில் இருந்து வருவது, 1986-இல் 'ராந்தேவு' ஆல்பத்தில் பிரபலமானது. சீனாவில் கேட்பது அதைவிட மெலிந்த சத்தம். யூடியூபில் நீ பார்த்தது பிந்தைய கச்சேரியாக இருக்கும்.

தக்கலை 78:
லேசர் ஹார்ப் விஷயத்தில் என் கருத்து: கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது ஒரு சாதாரண கீபோர்டு. ஆல்பத்தில் அந்தப் பாட்டு பலவீனமாக இருப்பதற்கும் அதுவே காரணம். ஒளியைத் தொடுகிறார் என்ற அதிசயம் ஒலிநாடாவில் ஏறாது.

இன்னொன்றும் யாரும் சொல்லவில்லை. இந்த ஆல்பத்தில் எல்லோரும் கொண்டாடுகிற 'சுவனீர் ஆஃப் சைனா' இருக்கிறதே, கேமரா ஷட்டர் சத்தத்தைத் தாளமாக வைத்து, நடுவில் சீனக் குரல்கள் வருமே, அது மேடையில் வாசித்ததே இல்லை. திரும்பி வந்து ஸ்டுடியோவில் செய்தது. கச்சேரி ஆல்பம் என்று அட்டையில் போட்டுவிட்டு, அதன் சிறந்த பாட்டு கச்சேரியிலேயே இல்லை என்றால் என்ன சொல்வது?

வடசேரிக்காரன்:
அது சிறந்த பாட்டு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை அண்ணே. ஆனால் அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? அதில் கைதட்டலைச் சேர்த்து மேடைப் பாட்டு மாதிரிக் காட்டவில்லை. போன இடத்தில் இருந்து சேர்த்த ஒலிகளை எடுத்து ஷெஃபர் கூடத்தில் கற்ற வித்தையைக் காட்டியிருக்கிறார். மூன்று வருஷம் கழித்து 'ஸூலுக்' ஆல்பத்தில் பல மொழிகளின் குரல்களைத் துண்டு துண்டாக வெட்டி ஃபேர்லைட் கருவியில் வாசித்தார் அல்லவா, அதற்கு இங்கே ஒரு முன்னோட்டம் தெரிகிறது. கச்சேரியின் ஆவணமாக எடுத்தால் இது ஒட்டாது. ஒரு பயணத்தின் ஆவணமாக எடுத்தால் நன்றாகவே ஒட்டும்.

நாஞ்சில் கேட்பவள்:
இதே தகராறு நம்ம வில்லுப்பாட்டிலும் உண்டு. என்னிடம் இரண்டு வகைப் பதிவுகள் இருக்கின்றன. ஒன்று கேசட் கம்பெனிக்காக ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாடியது. வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா எல்லாம் தெளிவாகப் பிரிந்து கேட்கும். ஒரு எழுத்து விழுங்காது. இன்னொன்று ஒரு சுடலைமாடன் கோயில் கொடையில் நடுராத்திரியில் யாரோ டேப் ரெக்கார்டரைத் தூணில் கட்டி எடுத்தது. பாதி வரி புரியாது. வில்லில் கட்டிய மணிச்சத்தம் மற்ற எல்லாவற்றையும் மூடும்.

ஆனால் அந்த இரண்டாவது பதிவில், கதையில் சாமி பிறக்கிற இடத்தில் பெண்கள் குலவை போடுகிறார்கள். அது அடங்கும்வரை புலவர் அடுத்த வரிக்குப் போகவில்லை. குடக்காரர் சும்மா தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். பின்பாட்டுக்காரரின் 'ஆமா' அன்றைக்கு ஒரு சுருதி கூடி வருகிறது. ஸ்டுடியோ கேசட்டில் அதே இடம் நேராகக் கடந்து போய்விடும்.

ஜாரிடம் நான் தேடுவது இதைத்தான், கூட்டம் வாசிப்பை மாற்றிய இடம் எங்கே என்று. நேர்மையாகச் சொன்னால் அவர் ஆல்பத்தில் அது குறைவு. தக்கலை அண்ணன் சொல்கிற சீக்வென்சர் அங்கேதான் குறுக்கே நிற்கிறது. குலவைக்காக அது காத்திருக்காது. டிரம்ஸும் மனுஷக் கையும் முன்னால் வருகிற 'மேக்னெட்டிக் ஃபீல்ட்ஸ்' பகுதிகளில் மட்டும் கொஞ்சம் நெகிழ்வு தெரிகிறது.

தக்கலை 78:
இதைத்தானே அம்மா நான் முதல் பதிவிலேயே சொன்னேன்!

நாஞ்சில் கேட்பவள்:
இல்லை அண்ணே. நீங்கள் தேவையே இல்லை என்றீர்கள். நான் குறைவு என்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு இரட்டை ஆல்பம் இருக்கிறது.

மார்த்தாண்டம் மைக்செட்:
சரி, யார் கேட்டாலும் இப்படிக் கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம். அதில் பேஸ் கிடையாது, கூட்டத்தின் சத்தம் வெறும் இரைச்சலாகிவிடும். ஹெட்ஃபோனில் கேட்டால் திருகு திருகும் கை தெரியும். பெரிய பாக்ஸில் கேட்டால் அரங்கத்தின் அகலம் தெரியும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தொழில் புத்தி.

கோட்டாறு தம்பி:
சீனா முடித்துவிட்டு அடுத்து எதைக் கேட்கலாம்?

வடசேரிக்காரன்:
ஹூஸ்டன். 1986 ஏப்ரல் 5, நகரத்தின் வானுயர்ந்த கட்டடங்களே திரையாக. 13 லட்சம் பேர் பார்த்தார்கள் என்று கின்னஸ் கணக்கு. நெடுஞ்சாலையில் போனவர்கள் காரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, போக்குவரத்தே நின்றுபோனது. அதில் ஒரு சோகமும் உண்டு. ரான் மெக்நேர் என்ற விண்வெளி வீரர் சாக்ஸபோன் வாசிப்பவர். விண்வெளியில் இருந்து அவர் ஒரு பகுதியை வாசிப்பதாக ஏற்பாடு. ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் வெடித்ததில் இறந்துபோனார். மேடையில் அந்தப் பகுதியைக் கர்க் வேலம் வாசித்தார். அதே ஆண்டு அக்டோபரில் லியோனில் செய்த கச்சேரியையும் சேர்த்து 1987-இல் ஒரே ஆல்பமாக வந்தது.

ஜார் வேண்டாம் என்றால் ஜெர்மன் மின்னணு இசைக் குழுக்கள் இரண்டு உண்டு. டேஞ்சரின் ட்ரீமின் 'என்கோர்', 1977. கிராஃப்ட்வெர்க்கின் 'மினிமம் மேக்ஸிமம்', 2005, அதுவும் நல்ல பதிவுதான். ஆனால் துடைத்து வைத்த எவர்சில்வர்ப் பாத்திரம் போலிருக்கும், கைரேகையே இராது. எனக்கு ஒத்துவரவில்லை.

குளச்சல் கரை:
கடல்காரர்கள், கடலாய்வாளர் கூஸ்டோவின் பெயரில் 1990-இல் வந்த 'வெயிட்டிங் ஃபார் கூஸ்டோ'வைக் கேட்கலாம். கச்சேரி ஆல்பம் இல்லை, ஆனால் தலைப்புப் பாட்டு முக்கால் மணி நேரம் அசையாமல் கிடக்கும். முதல் பாதியில் டிரினிடாட் இரும்பு டிரம் குழுவை அழைத்து வந்திருக்கிறார். அப்பாவுக்கு அந்த முதல் பாதி பிடித்தது. மீதியில் தூங்கிவிட்டார்.

தக்கலை 78:
ஹூஸ்டனைப் போட்டுப் பார்த்தேன். சாக்ஸபோன் வரும் இடம் நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. அது மூச்சு விட்டு வாசிக்கிற வாத்தியம் என்பதைக் குறித்துக்கொள்ளவும். கோரஸ் வரும் இடங்கள் எனக்குக் கொஞ்சம் ஆடம்பரம். சீனமே மேல்.

1988-இல் லண்டன் துறைமுகப் பகுதியில் மழையிலும் காற்றிலும் நனைந்துகொண்டே வாசித்தாரே, அந்தக் கச்சேரியின் ஆல்பம் 1989-இல் வந்தது. அதன் இசைத்தட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நாகர்கோவில் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், கேட்டுவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

மார்த்தாண்டம் மைக்செட்:
தட்டு கிடைத்தால் பிளேயர் என்னிடம் இருக்கிறது. ஊசி மட்டும் மாற்ற வேண்டும்.